கடைசிக்கு முந்தின பதவி

அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்து, ஆறாவது மாடி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த மறுநாளே லிஃப்ட் படுத்துவிட்டது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுகொண்டு மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் முனகியது. பிறகு முனகவும் இல்லை.

அவர் டவுன் பஸ் ஓட்டியவர். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர் சார்தான். அவர் மனைவி ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுக்கிறவள், அதனால் லேப் அக்கா. ஆயுள் முழுக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த மனுஷன் இப்போது கட்டிலிலிருந்து டிவியைப் பார்த்தார். டிவியில் தேர்தலைத் தவிர வேறொன்றும் இல்லை. தலைமைப் பதவிக்கு நிற்கிற இரண்டு பேரும் காலையில் ஒருவரை ஒருவர் திட்டினார்கள், மத்தியானம் அதையே திரும்பக் காட்டினார்கள். டிரைவர் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார்.

"காலை நீட்டி மடக்குங்கன்னு டாக்டர் சொன்னாரா, இல்ல டிவிகூடச் சண்டை போடுங்கன்னு சொன்னாரா?" என்று அவள் கேட்பாள்.

"மடக்கிட்டுத்தானே இருக்கேன். வாயும் மடங்கணுமா?"

உண்மையில் கால் மடங்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் இரண்டு தடவை ஆறு மாடி ஏறினாள். மூன்றாவது தடவை, "அக்கா, நீங்களே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க, அங்க மெஷின் எல்லாம் இருக்கு" என்று போனிலேயே முடித்துக்கொண்டாள். எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? அவர் எண்பத்தெட்டு கிலோ. நாற்காலியில் வைத்துத் தூக்க ஆள் சேர்த்தால், பாதிப் படியில் "விட்டுடாதீங்கப்பா" என்று அவர் போடுகிற கத்தலிலேயே தூக்குகிறவர்களின் கை நடுங்கியது. ஒரு தடவையோடு சரி.

லிஃப்ட் சரியாகாமல் இல்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். கட்டடக்காரர் புது மோட்டார் போட்டுவிட்டார். கம்பெனி ஆட்கள் வந்து ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். நன்றாக ஓடியது. ஆனால் மோட்டார் மாற்றினால் அரசாங்க ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் ஏறலாமாம். அதுவரைக்கும் கதவில் சிவப்பு நாடா ஒட்டி, சாவியைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆய்வாளர் அலுவலகத்துக்கு அவள் போன் போட்டாள். "எலெக்‌ஷன் முடியட்டும்மா" என்றது ஒரு குரல். மறுபடி போட்டாள். அதே குரல், அதே பதில். லிஃப்டுக்கும் எலெக்‌ஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். போனை வைத்துவிட்டார்கள்.

சம்பந்தத்தைச் சொன்னது அவள் தம்பி. கட்சியில் வட்டச் செயலாளர். வயதுக்கு முன்னாடியே தொப்பை வந்துவிட்டது, பெரிய பதவிதான் இன்னும் வரவில்லை. அந்த மாநிலத்தில் தலைமைப் பதவி மட்டுமல்ல, நிதி, கல்வி, தணிக்கை என்று இன்னும் ஆறேழு பதவிகளுக்கும் ஜனங்கள்தான் நேரடியாக ஓட்டுப் போட வேண்டும். அந்த வரிசையில் கடைசிக்கு முந்தினது தொழில் பாதுகாப்பு ஆணையர். பாய்லர், கிரேன், லிஃப்ட் எல்லாம் அவர் கையில்.

"எங்க கட்சியிலேயும் ஒருத்தர் நிக்கிறாருக்கா. போஸ்டர்ல ஓரமா, தலைவர் முழங்கைக்குக் கீழ இருப்பார் பாரு, அவர்தான்."

"அவரை இங்க கூட்டிட்டு வா."

"கீழ ஹால்ல ஒரு கூட்டம் போட்டுடலாம்."

"கீழ என்ன இருக்கு? உங்க மாமா மேல இருக்காரு. ஓட்டு வேணும்னா மேல வரச் சொல்லு."

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

அவன் வருவதற்குள் மற்றவர்கள் வந்தார்கள். சாயங்காலம் ஆனால் கேட்டருகே ஒரு மாலை, ஒரு மைக், ஒரு கும்பிடு. லேப் அக்கா வேலை முடிந்து வந்த களைப்போடு ஒவ்வொருவரையும் மறித்தாள். நிதிக்கு நிற்கிறவர் சொன்னார், "இது என் துறை இல்லையேம்மா." கல்விக்கு நிற்கிற அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "புரியுது, புரியுது" என்று கண் கலங்கிவிட்டு, அடுத்த வீட்டுக்காரியின் கையையும் அதேபோல் பிடித்தாள். தலைமைப் பதவிக்காரர் திறந்த வண்டியில் நின்றபடியே போனார். அவள் கத்தியது அவர் காதில் வாழ்த்தாக விழுந்திருக்க வேண்டும். இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி சொன்னபடி நிஜமாகவே தன் வேட்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அறுபதைத் தாண்டிய மனுஷர். செருப்புக் கம்பெனி வைத்திருந்தவராம். கூட ஒரு போட்டோக்காரர். முதல் மாடிவரைக்கும் கை அசைத்துக்கொண்டே ஏறினார். மூன்றாவதில் மாலையைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தார். நாலாவதில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். "அடிச்சேன்னா பாரு" என்றார் வேட்பாளர்.

லேப் அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, மூச்சு வாங்க, அவளைப் பார்த்துச் சொன்னார்: "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. நான் நிதிப் பதவிதான் கேட்டேன். இதைத் தள்ளிவிட்டுட்டாங்க. லிஃப்டைப் பத்தி எனக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், அவ்வளவுதான்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பொய் சொல்லாத ஒரு ஆளை இந்த ஒரு மாதத்தில் இப்போதுதான் பார்க்கிறாள். "மெதுவா வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

டிரைவர் சட்டை மாற்றி, தலை வாரி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்ன கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக அவரும் அவளும் பேசி வைத்திருந்தார்கள். எப்போது ஆய்வு, ஏன் தாமதம், யாரைப் பார்க்க வேண்டும். வேட்பாளர் நாற்காலியில் விழுந்தார். டிரைவர் வாயைத் திறந்தார்.

"சார், வடக்குப் பக்கம் உங்க ஆளுங்களே உள்ளடி வேலை பார்க்கிறாங்களாமே, நிஜமா?"

வேட்பாளர் முகம் மலர்ந்துவிட்டது. அவரிடம் இப்படி யாரும் அரசியல் கேட்டதில்லை போலும். வடக்கு, தெற்கு, யார் யாரைக் கவிழ்த்தார், யாருக்கு மாமனார் யார் என்று இருவரும் பேசினார்கள். டிரைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். இடுப்பு முறிந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. குறுக்கே பேசவும் மனசு வரவில்லை, பேசாமலிருக்கவும் முடியவில்லை. டீயை நங்கென்று வைத்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேட்பாளர் எழுந்து கிளம்பும்போது அவள் கதவை மறித்து நின்றாள். "நீங்க ஜெயிச்சா இந்த லிஃப்ட் ஓடுமா, ஓடாதா?"

"ஜெயிச்சு, பதவி ஏத்து, அறிக்கை வாங்கிப் பார்த்துட்டு..."

"போதும், பார்த்து இறங்குங்க."

கதவைச் சாத்திவிட்டு அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "மூணு நாள் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"மறந்துட்டேன்" என்றார் அவர், சின்னக் குரலில். "மனுஷன் முகத்தைப் பார்த்ததும் மறந்துட்டேன்."

அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை.

அடுத்த வாரம் கீழே ஹாலைப் பார்க்க ஒரு அதிகாரி வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, லேப் அக்கா இறங்கிப் போனாள். ஒவ்வொரு தேர்தலிலும் அந்த ஹால்தான் வாக்குச்சாவடி. ஒல்லியான ஆள், கழுத்தில் தேர்தல் அட்டை, கையில் டேப். வாசலில் சக்கர நாற்காலிக்கான சரிவை அளந்தார், விளக்கைப் போட்டு அணைத்தார், கழிவறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் லிஃப்ட் முன்னால் போய் நின்று, சிவப்பு நாடாவைப் பார்த்து, "இது எப்ப மோட்டார் மாத்தினது?" என்றார்.

கேட்ட விதத்திலேயே அவளுக்கு ஏதோ பட்டது. "சார், நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"தொழில் பாதுகாப்புத் துறை. லிஃப்ட் ஆய்வாளர்."

"நீங்களா? உங்களைத்தானே சார் தேடிட்டிருக்கேன்! இதோ இருக்கு லிஃப்ட். பாருங்க, கையெழுத்துப் போடுங்க."

"இப்ப நான் பூத் டியூட்டிம்மா. எங்க எல்லாரையும் எலெக்‌ஷனுக்கு எடுத்துட்டாங்க. இன்னிக்கு சரிவு, லைட்டு, பாத்ரூம் மட்டும்தான் பார்க்கலாம்."

"பத்தடி சார்! பத்தடி தள்ளி நிக்கிறீங்க!"

"அந்தப் பத்தடிக்கு எனக்கு ஆர்டர் இல்லையே."

அதற்குப் பிறகு அவள் என்ன பேசினாள் என்று அவளுக்கே முழுக்க ஞாபகமில்லை. மேலே நடக்க முடியாத ஒரு ஓட்டர் இருக்கிறார், அவர் வீட்டிலிருந்து பூத்துக்கு வருகிற ஒரே வழி இந்த லிஃப்ட், இது ஓடாமல் இந்த பூத் சரியாக இருக்கிறது என்று நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று கட்டடமே கேட்கும்படி கத்தியது மட்டும் ஞாபகம். ஆய்வாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நீங்க சொல்றது நியாயம்தான். எழுதறேன்" என்றார்.

எழுதினார். மேலதிகாரிகள் படித்தார்கள். நாலாம் நாள் உத்தரவு வந்தது: சான்று பெறாத லிஃப்ட் உள்ள கட்டடம் பாதுகாப்பானதல்ல, வாக்குச்சாவடி பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்படுகிறது.

கட்டடமே அவள்மேல் பாய்ந்தது. "வீட்டு வாசல்ல இருந்த ஓட்டை ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வச்சுட்டியே" என்றாள் முதல் மாடி மாமி. இரண்டாவது மாடிக்காரர் படியில் எதிரே வந்தால் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனார். தம்பி போனில், "எங்க ஓட்டெல்லாம் அந்த பூத்லதான்க்கா! ரோட்டைத் தாண்டி எவன் போவான்?" என்று அழாத குறையாகப் பேசினான். அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ஆளுக்கு இரண்டு தடவை ஊசி குத்த வேண்டியதாயிற்று. அவளுக்கு அப்படி நேர்ந்ததே கிடையாது.

நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே வந்து ஓட்டு வாங்குவார்கள் என்று தெரிந்து, டிரைவருக்கு அதற்கு ஏற்பாடு செய்தாள். தேர்தலுக்கு ஐந்தாறு நாள் முன்னால், காலையில், ஒரு போலீஸ்காரர், ஒரு டீச்சர், கையில் பூட்டிய பெட்டியோடு ஒரு அதிகாரி என்று மூன்று பேர் ஏறி வந்தார்கள். பெட்டி வைத்திருந்தவர் அதே ஆய்வாளர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீங்களேவா?" என்றாள்.

"நானேதான்ம்மா" என்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

அட்டைத் தடுப்பை வைத்து, சீட்டைக் கொடுத்தார்கள். டிரைவர் ஒவ்வொரு பதவியாக யோசித்து யோசித்து முத்திரை குத்தினார். கடைசிக்கு முந்தினதில் நின்றுவிட்டார். தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"சார், இது உங்களுக்கு மேலதிகாரியைத் தேர்ந்தெடுக்கிறது. யார் வந்தா உங்களுக்கு நல்லது?"

"ஐயோ, அதெல்லாம் என்கிட்ட கேட்கக்கூடாது சார்."

"சும்மா சொல்லுங்க."

ஆய்வாளர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "யார் வந்தாலும் நாங்க மொத்த மாநிலத்துக்கும் மூணு பேர்தான் சார்" என்றார் அவர். "ஒருத்தர் அடுத்த வருஷம் ரிட்டயர்டு."

டிரைவர் தலையைத் தடுப்புக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. யாருக்குப் போட்டார் என்று அவள் இரண்டு நாள் கேட்டும் டிரைவர் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெரு முனையில் தம்பி கட்சியின் கடைசிக் கூட்டம். தலைவர் வர நேரமாகும் என்று சின்னப் பதவிக்காரர்களை ஒவ்வொருவராகப் பேசவிட்டார்கள். லேப் அக்கா வேலையிலிருந்து நேராக அங்கே போனாள். செருப்புக் கம்பெனிக்காரர் மைக் முன்னால் வந்து, "நான் வென்றால் மாநிலத்தில் ஓடாத லிஃப்டே இருக்காது" என்றார்.

"எத்தனை ஆய்வாளருங்க இருக்காங்கன்னு தெரியுமா?" என்று அவள் கீழிருந்து கத்தினாள்.

அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி மேடை ஓரத்துக் கம்பத்தைப் பார்த்தான்.

"போதுமான பேர்..."

"மூணு பேர்!"

"மூணு பேர்தானா?" என்று அவர் மைக்கிலேயே கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. யாரோ மைக்கை நிறுத்தினார்கள், பாட்டைப் போட்டார்கள், தலைவர் வருகிறார் தலைவர் வருகிறார் என்று எல்லோரும் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள்.

அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பின்னாலேயே வேகமான செருப்புச் சத்தம். வேட்பாளர், தோளில் துண்டு நழுவ, ஓடி வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நிஜமாவே மூணு பேர்தானா? யார் சொன்னது?"

"அதைச் சொல்ல மாட்டேன். ஆனா நிஜம்."

"அப்ப நான் ஜெயிச்சா என்ன பண்றது?"

அவள் நின்று அவரைப் பார்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்கிறார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"என்னைக் கேட்கிறீங்களே சார். நான் ரத்தம் எடுக்கிறவ."

"வேற யாரைக் கேட்கிறது? மேடையில இருக்கிறவங்க யாருக்கும் தெரியாது."

"ஆள் எடுங்க. முதல்ல ஆள் எடுங்க. ஆளை எடுத்து அவங்களை எலெக்‌ஷன் வேலைக்கு அனுப்பாம இருங்க."

"அதுக்கு நிதி வேணும். அது நிதிப் பதவிக்காரர் கையில..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பஸ் வந்தது. கூட்டத்தால் தாமதமாகி, பிதுங்கிக்கொண்டு வந்தது. அவள் கம்பியைப் பிடித்து ஏறினாள். அவர் கீழிருந்து, "எத்தனை பேர் இருந்தா போதும்னு நினைக்கிறீங்க?" என்று ஜன்னலோடு கூடவே நடந்தார். அவள் ஏதோ சொன்னாள். தலைவரின் வண்டி ஹாரனில் அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.