ஒரு நாள் விட்டு ஒரு நாள்

அகராதி அலுவலகத்தில் அந்த மாதம் அவள் மேசைக்கு வந்த சொற்களில் ஒன்று ‘ஆல்டர்நேட்’ என்ற ஆங்கில வினைச்சொல். ‘மாறி மாறி வருதல், ஒன்று விட்டு ஒன்று செய்தல்’ என்று பொருள் எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உதாரண வாக்கியம்தான் உயிரை வாங்கியது. கற்பனை உதாரணம் அகராதிக்குள் நுழையவே கூடாது, கண்ணால் பார்த்ததாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும் என்பது தலைமைப் பதிப்பாசிரியரின் சட்டம்.

வெயிலும் மழையும் மாறி மாறி அடித்த வாரம் என்பதால் முதல் உதாரணம் ஜன்னல் வழியாகவே கிடைத்தது. பக்கத்து மேசைக்காரர் நீல மையையும் சிவப்பு மையையும் மாற்றி மாற்றிக் கிறுக்குவது இரண்டாவது. மூன்றாவதாக, இரண்டு பேர் முறை வைத்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும். ‘கணவனும் மனைவியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார்கள்’ என்று எழுதித் தலைமைப் பதிப்பாசிரியரிடம் நீட்டினாள்.

“இத நீங்க எங்க பாத்தீங்க?” என்றார் அவர்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தது உண்மைதான். புதிய தொகுதிக்குப் பொறுப்பாசிரியர் தேடினார்கள். வாரத்தில் மூன்று நாள் ஆறரை வரை இருக்க வேண்டும். பதினோரு வருஷமாக அவள் ஆசைப்பட்ட நாற்காலி. அதனால் திங்கள், புதன், வெள்ளி கணவன் போவதென்றும் மற்ற இரண்டு நாள் அவள் போவதென்றும் பேச்சு. அவன் தலையைத் தலையை ஆட்டினான். ஆட்டியதோடு சரி. திங்கட்கிழமை கூட்டம், புதன்கிழமை தலைவலி, வெள்ளிக்கிழமை வண்டி பஞ்சர். அடுத்த வாரமும் அதே மூன்று சாக்குகள், வரிசை மட்டும் வேறு. ஒவ்வொரு முறையும் நாலரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள்தான்.

அவன் தங்கை வந்திருந்தபோது ஐயா மார்தட்டினார். “எங்க வீட்ல எல்லாமே மாத்தி மாத்திதான். ஒரு நாள் நான், ஒரு நாள் இவ.”

“குடுத்து வெச்சவங்க அண்ணி நீங்க!” என்று நாத்தனார் உருகினாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை தலைமைப் பதிப்பாசிரியர் அவளைக் கூப்பிட்டார். “இன்னிக்கும் நாலரைக்குக் கிளம்பினீங்கன்னா அந்தப் பொறுப்ப வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்மா” என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அவள் உடனே கணவனுக்குப் போன் போட்டாள். “இன்னிக்கு உங்க முறை. கூட்டமோ தலைவலியோ, நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்.”

நாலே முக்கால் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஐந்து பத்துக்குப் பள்ளிக்கூட வாட்ச்மேன் போனில் கூப்பிட்டார்.

“அம்மா, இங்க ஒருத்தர் வந்து பாப்பாவோட அப்பான்னு சொல்றாரு. நாலு வருஷமா இந்த கேட்ல நிக்கிறேன், இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. எந்த வகுப்புன்னு கேட்டா மூணாவதுங்கிறாரு. பாப்பா நாலாவதாச்சே! நீங்களே வந்துடுங்கம்மா, அதான் நல்லது.”

பின்னால் கணவனின் குரல் கெஞ்சியது. “யோவ், சத்தியமா நான்தான்யா அப்பா!”

அவள் பாதி எழுந்துவிட்டாள். கை தானாகப் பையைத் தேடியது. எதிரே தலைமைப் பதிப்பாசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

“பாப்பாகிட்ட போனக் குடுங்க.”

“அப்பாதான்மா” என்றாள் மகள். “அழுதுடுவாரு போலருக்கு, சீக்கிரம் சொல்லிடு.”

வாட்ச்மேன் மறுபடி போனை வாங்கினார். “என்னம்மா பண்ணட்டும்?”

“அவங்க அப்பாதாங்க, அனுப்பி வைங்க” என்றாள் அவள். “மூஞ்சிய மட்டும் நல்லாப் பாத்து வெச்சுக்கோங்க. புதன்கிழமையும் இவருதான் வருவாரு.”