நான்காம் மாடி சைக்கிள்

“எடு அதை, அது என் சைக்கிள்...”

“இதுவா சைக்கிள்? மிளகாய் காயப்போடுற கொடி...”

கணவன் ரங்கேல் பேசி முடிப்பதற்குள், அவன் காலையில் அந்த உடற்பயிற்சி சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிய சிவப்பு மிளகாய்ச் சரங்களை ஸ்தோயன்கா உருவி பால்கனித் தரையில் வீசினாள். அவள் இருபது கிலோ எடை குறைத்தால்தான் முட்டியில் ஆபரேஷன் என்று பிளவ்டிவ் நகர டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு முனகிக்கொண்டே படியேறி வந்தவள், லிஃப்ட் இல்லாத இந்த நான்காம் மாடியை விட்டு அப்புறம் இறங்கவேயில்லை.

“வாங்கின நாள்லேருந்து இதை ஒரு தடவையாவது மிதிச்சிருப்பியா? உனக்கு வாய்க்கு மட்டும்தான் உடற்பயிற்சி. சீஸ் அடைச்ச பனீட்சா பலகாரம் ஒரு தட்டு, தயிர் ஒரு சட்டி.”

மீட்டரை மறைத்திருந்த கடைசிச் சரத்தையும் அவள் விலக்கினாள்.

“படி.”

“எண்ணூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டர்...” அவன் குரல் இறங்கியது. “யாரு மிதிச்சது?”

“நீ தினம் குறட்டை விடுற நேரத்துல நான்தான் மிதிச்சேன். பதினாறு கிலோ போயாச்சு, உன் கண்ணுக்குத்தான் தெரியல. இன்னும் நாலே கிலோ. முட்டி சரியானதும் இந்த நாலு மாடியும் இறங்குவேன், ரங்கேல். திரும்ப ஏறி வருவியான்னு மட்டும் கேக்காதே.”