சாவி தெரிகிற படம்

எங்கள் பூட்டு சாவித் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் என் மாமனார். செயலாளர் நான். கோபம் வந்தால் என்னைச் "செயலாளரே" என்பார். மனம் குளிர்ந்தால் "மாப்ளே" என்பார். அந்த வாரம் முழுக்க நான் செயலாளராகவே இருந்தேன்.

காரணம் ஒரு புகைப்படம். சங்கத்தின் பழைய சுற்றறிக்கைகள், பூட்டு வரைபடங்கள், கூட்டப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையக் காப்பகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கடை சாத்திய பிறகு கிடைத்த நேரமெல்லாம் அதற்கே போயிற்று. உறுப்பினர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழுவும் தொடங்கியிருந்தேன். கூட்டம் முடிந்த பிறகே தபாலில் சுற்றறிக்கை போய்ச் சேரும் தொலைவூர்க்காரர்களுக்கு அதில் ஏக சந்தோஷம்.

புதிதாக ஏற்றும் படங்களைக் குழுவிலும் போடுவது வழக்கம். அப்படிப் போட்டதுதான் சங்க அலமாரி வந்த அன்று எடுத்த படம். அதற்குத் தாமே செய்த பூட்டின் பக்கத்தில் தலைவர் நின்றிருந்தார். சாவியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வாயெல்லாம் சிரிப்பு.

எங்கள் தொழிலில் சாவியின் படத்தைக் காட்டுவதும் சாவியையே கொடுப்பதும் ஒன்று. வெட்டுகள் தெளிவாகத் தெரிந்தால் போதும், கைதேர்ந்தவர் நகல் எடுத்துவிடுவார். நான் பூட்டைப் பார்த்தேன், சிரிப்பைப் பார்த்தேன், சாவியைக் கவனிக்கவில்லை.

கவனித்தவர் பூதக்கண்ணாடி அக்கா. எங்கோ கடைக்கோடி ஊரில் கடை வைத்திருப்பவர். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்து கடைவீதிக்கே போய்வருபவர். குழுவில் எழுதினார்: "தலைவரே, உங்க பல்லும் தெரியுது, சாவியோட பல்லும் தெரியுது."

சற்று நேரத்தில் தலைவர் எங்கள் கடை வாசலில் நின்றார்.

"செயலாளரே, என் வீட்டுக் கதவக் கழட்டி நடுத்தெருவுல வச்சுட்டீங்களே!"

"அந்தப் படத்த எடுத்துட்டேன், மாமா. இப்ப காப்பகத்துல என்னைத் தவிர யாரும் பாக்க முடியாது."

"ஒரு படம் இல்ல. மொத்தமும் அழியணும். குழுவும் வேணாம், காப்பகமும் வேணாம். சுற்றறிக்கைய முன்ன மாதிரி தபால்ல அனுப்பினா தபால்காரர் மட்டும்தான் பாப்பாரு."

"அவரும் பாக்க மாட்டாருப்பா, ஒட்டித்தானே அனுப்புறோம்" என்றாள் என் மனைவி, சாவி வெட்டும் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீ யார் பக்கம்டீ?"

"நான் மெஷின் பக்கம்."

தீர்மானம் இல்லாமல் சங்க ஆவணம் எதையும் அழிக்கக் கூடாது என்பது விதி. அதை எழுதியவரே அவர்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டம் வரை என் உழைப்புக்கு ஆயுள் கிடைத்தது. அதற்கு மேல் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அவர் சொல்லைத் தட்டும் ஆள் சங்கத்தில் யாரும் இல்லை.

கடைக்கு மேலேதான் சங்கக் கூடம். ஞாயிறு காலை நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வர முடியாத அக்கா மட்டும் கணினித் திரையில் இருந்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். தீர்மானப் புத்தகமும் முத்திரையும் அலமாரிக்குள் இருந்தன. இடுப்புக்குக் கை போயிற்று. கொத்துச் சாவி இல்லை. சட்டைப்பை, பை, மறுபடியும் இடுப்பு. எங்கும் இல்லை. வந்த பேருந்திலேயே விழுந்திருக்க வேண்டும். பணிமனைக்குப் போன் போட்டோம். அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றார்கள்.

கூடம் நிறையப் பூட்டுக்காரர்கள். எதிரே பூட்டிய அலமாரி.

"இத வெளிய போய்ச் சொல்லிடாதீங்கப்பா, பொழப்பு போயிடும்" என்றபடி பெட்டகம் திறப்பதில் பேர்போனவர் ஒருவர் கம்பியோடு எழுந்தார். தலைவர் இரண்டு கையையும் விரித்து அலமாரியை மறித்தார்.

"கம்பி கிம்பி உள்ள போனா தகடு விழுந்து சிக்கிக்கும். தப்புச் சாவி போட்டாலும் அதே கதிதான். அப்புறம் பூட்ட அறுத்துத்தான் எடுக்கணும்."

"மாத்துச் சாவி?"

"மாத்துச் சாவி கேட்டா அது என்ன பூட்டு?" என்றார். பேச்சில் வீறாப்பு இருந்தது, குரலில் இல்லை. மாதக்கணக்கில் இராப்பகலாக உட்கார்ந்து செய்த பூட்டு அது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். புத்தகம் வெளியே வராவிட்டால் தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லாவிட்டால் காப்பகம் பிழைக்கும். ஆனால் பூட்டின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"படம் இருக்கு, மாமா" என்றேன்.

அவர் பூட்டிலிருந்து கையை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

படத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினேன். சாவி அங்கே முழ நீளத்துக்கு நின்றது. நிஜ அளவு தெரிவது எப்படி? என் மனைவி படத்தை உற்றுப் பார்த்தாள். சாவியைப் பிடித்த கையில் மோதிரம். அதே மோதிரம் இன்றும் அவர் விரலில். வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அசையாதீங்கப்பா."

"கூசுதுடீ!"

மோதிரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அவள் வெட்டு வெட்டாக ஆழத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாவது வெட்டில் அக்காவின் குரல் குறுக்கிட்டது.

"நில்லுங்க. அவ்ளோ ஆழம் இல்ல. அதுல பாதி விரலோட நிழல்."

"அங்கேருந்து எப்படிம்மா சொல்றே?" என்றார் பெட்டகக்காரர்.

"மத்த வெட்டுக்கெல்லாம் ஓரம் பளபளன்னு இருக்கு. இதுல அடியில ஓரமே காணோமேண்ணே."

தலைவர் சுவருக்கு அருகே போய் நின்று பார்த்தார். "ஆமா" என்றார் மெல்ல. "அவ்ளோ ஆழமா நான் வெட்டல."

மனைவி கீழே போனாள். இயந்திரத்தின் கிறீச்சொலி நின்றதும் ஏறி வந்து, ஊதித் துடைத்த சாவியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். கதவு திறந்தது. கூடத்தில் எழுந்த சத்தத்தில் திரையிலிருந்த அக்கா, "என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று கத்தியதுகூட வெகுநேரம் யார் காதிலும் விழவில்லை.

தலைவர் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்து காத்திருந்தேன்.

"எழுதுங்க, மாப்ளே" என்றார். "காப்பகமும் குழுவும் தொடரும். சாவி தெரியிற படமா இருந்தா, சாவிய மறைச்சுட்டுத்தான் போடணும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இத்தன பேரு பாத்த சாவி இனி ஆகாது. புதுப் பூட்டு செய்யணும்" என்றார். அதில் வருத்தம் துளியும் இல்லை.

சில மாதம் கழித்துக் குழுவில் தலைவரின் முதல் செய்தி வந்தது. புதுப் பூட்டோடு ஒரு படம். விதியை மீறாமல், சாவியைப் புறங்கையால் மறைத்துப் பிடித்திருந்தார்.

உடனே அக்கா எழுதினார்: "பூட்டு பிரமாதம் தலைவரே. உங்களுக்குப் பின்னாடி இருக்கிற கண்ணாடி ஜன்னலும் பிரமாதம். வெட்டு ஆழத்த எல்லாம் இங்கயே சொல்லட்டுமா, தனியாச் சொல்லட்டுமா?"

என் கைபேசி அடித்தது.

"மாப்ளே, இத எப்படி அழிக்கிறது?"

"தீர்மானம் வேணுமே, மாமா."