கெர்பாவ் ரோட்டுச் சாயங்காலம்

ஜப்பான்காரன் சிங்கப்பூருக்கு ஷோனான் என்று பெயர் வைத்திருந்த காலத்தில், ஊரெங்கும் எட்டு மணிக்கு மறைந்த சூரியன், கெர்பாவ் ரோட்டில் நெய்னா முகம்மது கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு மட்டும் பத்து மணிக்குத்தான் மறைந்தது. அரிசி விலை வாரத்துக்கு வாரம் ஏறியது, தேங்காய் எண்ணெய் கண்ணில் படவில்லை, அந்த அறையின் பின்முற்றத்தில் பத்து மணிவரை வெயில் இருந்தது. அந்த வருஷத்துச் செய்திகள் இவைதாம். முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஜப்பான்காரன் வந்தவுடன் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி தோக்கியோ நேரத்துக்கு வைத்துவிட்டதால், எப்போது விடிய வேண்டும், எப்போது இருட்ட வேண்டும் என்பதில் ஜனங்களுக்கு ஏற்கெனவே நம்பிக்கை போயிருந்தது. கிழங்குக்கு வரிசையில் நிற்கிறவன் சூரியனை எங்கே பார்க்கப் போகிறான்.

அறையில் குடியிருந்தவள் சந்திரமதி. கணவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். சண்டை தொடங்கியதும் விழுந்த குண்டுகளில் ஒன்றில் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது மகள் மனோரஞ்சிதம். ஐந்து வயது, ஆளைவிடப் பெயர் நீளம். பிள்ளைக்கு இழுப்பு. பொழுது சாய்ந்தால் அடுப்புப் புகையும் மாட்டுக் கொட்டகை வாடையும் நெஞ்சில் ஏறிக்கொள்ளும். விசில் ஊதுகிற மாதிரி மூச்சு வரும். ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, கறுப்புச் சந்தையில் மருந்திருந்தது, விலைதான் வாயில் சொல்லக்கூடியதாக இல்லை. சந்திரமதி பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்தபடியே விடியும்வரை இருப்பாள். அவளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

சண்டைக்கு முன் அவள் தங்ளின் பக்கத்தில் ஹார்லி மேம் வீட்டில் வேலை பார்த்தாள். மேம், ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து மானேஜரின் மனைவி. கணவன் காய்ச்சலில் இறந்ததும் சிங்கப்பூருக்கு வந்து தனியாக இருந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் அது தோட்டத்துத் தமிழ். எல்லோரையும் வா, போ என்பாள், கோபம் வந்தாலும் உதைப்பேன், பாசம் வந்தாலும் உதைப்பேன் என்பாள். யாரையும் உதைத்ததாகத் தகவல் இல்லை. மத்தியானத்தில் தூக்கம் வராது என்பதால் சந்திரமதியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் ஊரைப் பற்றிச் சொல்வாள். ஊர்க்கதை பேசியே ஆளைக் கொல்வது நம்மவர்கள் மட்டும்தான் என்று அதுவரை சந்திரமதி நினைத்திருந்தாள். மேமின் ஊரில் ஒரு சின்ன வீடு, கூரை வேய்ந்தது. கோடையில் சுவரெல்லாம் ரோஜா ஏறியிருக்கும். வெட்டிய புல் காயும் வாசனை, தேனீக்களின் சத்தம், ஓடையில் காலை நனைத்துக்கொண்டு ஸ்ட்ராபெரிப் பழத்தைப் பாலாடையில் தோய்த்துத் தின்பது, புல்தரையில் விரிப்பு போட்டுத் தேநீர் குடிப்பது, பிறகு இரவு பத்து மணிவரை முடியவே முடியாத ஒரு சாயங்காலம். இதையெல்லாம் சந்திரமதி ‘உம்’ கொட்டிக் கேட்டாள். கேட்டது வீண் போகும் என்றுதான் நினைத்தாள்.

ஜப்பான்காரர்கள் மேமைப் பிடித்து மற்ற வெள்ளைக்காரிகளோடு சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம், ஒரு மத்தியானம், கெர்பாவ் ரோட்டுப் பின்முற்றத்துக்குத் தேனீக்கள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் காய்ந்த புல்லின் வாசனை வந்தது. சாக்கடை ஒரு வாரத்தில் தெளிந்து ஓடையாகிக் கூழாங்கல் தெரிந்தது. சுவரில் ரோஜா ஏறியது. வந்தது மேமின் கோடைதான், சந்தேகமில்லை. ஆனால் சந்திரமதி எப்படிக் கேட்டுப் புரிந்துகொண்டாளோ அப்படி வந்தது. பாலாடை இருக்க வேண்டிய கிண்ணத்தில் கெட்டித் தயிர் இருந்தது. ஸ்ட்ராபெரியை அவள் கண்ணால் கண்டதில்லை, ஆகையால் அது ஜம்பு பழத்தின் வடிவில் காய்த்துத் தித்தித்தது. தேவாலய மணி என்று மேம் சொன்னது சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன் கோயில் மணியின் குரலில் அடித்தது. வெள்ளை உடுத்திய ஆண்கள் புல்வெளியில் நாள் முழுவதும் நின்று பந்து விளையாடுவார்கள் என்று மேம் சொன்னபோது, இவள் அதை ஏதோ விரதம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அதனால் முற்றத்துக்கு வந்த கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் வாய் திறக்கவில்லை, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள். முற்றம் பத்தடிக்கு எட்டடிதான். அதற்குள் இவ்வளவும் எப்படிக் கொண்டது என்று அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சந்திரமதி கண்டது ஒன்றுதான்: அந்தக் காற்றில் பிள்ளைக்கு இழுப்பு வரவில்லை. நீண்ட சாயங்காலம் முழுவதும் ரஞ்சிதம் புல்லில் கிடந்து, வெளிச்சத்திலேயே கண் அயர்ந்து, வாயை மூடி மூக்கால் மூச்சுவிட்டுத் தூங்கினாள். மகள் மூக்கால் மூச்சுவிடுவதைப் பார்த்துச் சந்திரமதி அழுதாள். தெருக்காரர்களும் வந்தார்கள். அங்கே தின்ற எதுவும் வயிற்றை நிரப்பவில்லை, ருசி மட்டும்தான். ஆனாலும் மரவள்ளிக்கிழங்கே கதியென்று இருந்தவர்களுக்கு நாக்கு இன்னும் செத்துவிடவில்லை என்று தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. நெய்னா முகம்மது கடையைப் பூட்டிவிட்டு வந்து ஓடையில் காலை விட்டுக்கொண்டு, யாரையும் திட்டாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அவர் பெண்டாட்டிக்கே அது புதுமை.

தெருவுக்குப் பொறுப்பாளராக ஜப்பான்காரர்கள் வைத்திருந்தவர் ஏரம்பமூர்த்தி, யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு சர்வே ஆபீசில் கிளார்க். இருட்டடிப்பு நேரத்தில் எந்த வீட்டிலாவது வெளிச்சம் தெரிந்தால் அவர் தலைதான் உருளும். அவர் குடையோடு வந்து, அறையில் விளக்கைத் தேடினார், திரியைத் தேடினார், கடைசியில் முற்றத்துக்கு வந்து வெயிலில் நின்றார். வெள்ளைக்காரர் சொத்து எதுவானாலும் ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவு வேறு அவரை அரித்தது. இது யார் கொடுத்தது என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, மேம் சொன்னாள், நான் கேட்டேன் என்றாள் சந்திரமதி. அவர் வெகுநேரம் யோசித்தார். அதற்குள் மூலையில் ஒருவன் ஓடி வந்து பந்து போட, ஏரம்பமூர்த்தி தன்னையறியாமல் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டிவிட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“உது விளக்கில்லை பிள்ளை, பொழுது. பொழுதை அணைக்கச் சொல்லி எனக்கு ஓர்டர் ஒண்டும் வரேல்லை.”

அன்றிலிருந்து அவரும் தினமும் வந்தார். நல்ல ஆட்டம் என்றார். திருநீற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்து நாலு மே மாதம் கைதிகளைச் சாங்கியிலிருந்து சைம் ரோடு முகாமுக்கு மாற்றினார்கள். அந்த முகாமுக்கு நெய்னா முகம்மதுவின் லாரி விறகு கொண்டுபோனது. ஒரு நாள் அவர் திரும்பி வந்து, ஓடையில் காலை விடாமல் கரையிலேயே நின்றார்.

“உங்க மேமைப் பார்த்தேன் தங்கச்சி. எலும்பும் தோலுமா இருக்காங்க. அதுகூடப் பரவாயில்ல, எல்லாரும் அப்படித்தான். பக்கத்துல இருக்கிற பொம்பளைங்க பசி தெரியாம இருக்க ஊர்க்கதை பேசிட்டு இருக்காங்க. இவங்க மட்டும் சுவத்தைப் பார்த்துட்டுப் படுத்திருக்காங்க. உங்க ஊர்ல என்ன பூ பூக்கும்னு அவங்க கேட்டா, எனக்கு ஊர் இருந்துச்சான்னு கேக்குறாங்க.”

கோடை ஒன்றுதான் இருந்தது. இங்கே வந்த அளவுக்கு அங்கே குறைந்திருந்தது. சந்திரமதி அதைப் புரிந்துகொண்டாள், புரிந்துகொண்டதற்காகத் தன்னையே வெறுத்தாள். சில வாரம் கேட்காதவள்போல இருந்து பார்த்தாள். நான் திருடவில்லையே, தானாக வந்தது என்று நெய்னா முகம்மதுவிடம் இரண்டு தடவை சொன்னாள். யார் உன்னைத் திருடி என்றது என்று அவரும் இரண்டு தடவை சொன்னார். ஆனால் தயிரில் தோய்த்த பழம் அவள் தொண்டையில் இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற ஒருத்தியின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்கிற மாதிரி இருந்தது.

வாய்ச்சொல்லாக வந்தது வாய்ச்சொல்லாகத்தான் திரும்பும் என்று அவளுக்குத் தோன்றியது. கைதிகளோடு பேசினால் கன்னத்தில் அறைவார்கள், அதற்கு மேலும் செய்வார்கள். ஆனால் கூடைக்காரி கூவிக்கொண்டு போனால் யார் கேட்பது. மரவள்ளிக்கிழங்குப் பணியாரம் சுட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை நெய்னா முகம்மது வீட்டில் விட்டுவிட்டுச் சைம் ரோட்டுக்கு நடந்தாள். முள்வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரிகள் சர்க்கரைவள்ளிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சந்திரமதி வேலியோரமாக, தேக்காச் சந்தையில் கீரை விற்பவள் கூவுகிற ராகத்திலேயே கூவினாள்.

“மணி இருக்கு, கோயில் மணி... ஞாயித்துக்கெழம காலையில அடிக்கிற மணி... வெள்ளை வேட்டிக்காரங்க விளையாட்டு இருக்கு... கை தட்டணும்மா, கை தட்டணும்...”

காவல்காரன் கூடையை எட்டிப் பார்த்து ஒரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு, அவளைப் போகச் சொன்னான். பாத்தியில் சும்மா குந்தியிருந்த மேம் மட்டும் தலை நிமிர்ந்தாள். அன்று கெர்பாவ் ரோட்டில் மணி அடிக்கவில்லை, ஆட்டக்காரர்களையும் காணோம். பிள்ளைக்கு உதவாத சாமான்களாகப் பார்த்துத்தான் சந்திரமதி முதலில் கொடுத்தாள், அதில் தப்பில்லை. ஏரம்பமூர்த்தி காலியான மூலையைப் பார்த்துவிட்டு, நடுவில் நிறுத்திவிட்டார்களே என்று வருத்தப்பட்டார், விஷயம் தெரிந்ததும், ஏகாதிபத்தியத்துக்கு எதிரான கருத்து எப்படியிருந்தாலும் பந்தடியை உரியவரிடம் கொடுப்பதுதான் முறை என்றார்.

அடுத்தடுத்த வாரங்களில் தேனீக்களைக் கூவிக் கொடுத்தாள், ரோஜாவை, பழத்தை, தயிரை, ஓடையை, கடைசியில் மனசில்லாமல் புல்வாசனையையும் கொடுத்தாள். ஓடை மறுபடி சாக்கடையானது. அங்கே மேம் சுவரைப் பார்த்துப் படுப்பதை விட்டாள், பேசினாள், பாடினாள். ஸ்ட்ராபெரியைக் கெட்டித் தயிரில் தோய்த்துத்தான் தின்ன வேண்டும் என்று மற்றவர்களோடு சண்டை பிடித்தாள். இங்கே மிச்சமிருந்தது சாயங்காலம் மட்டும். அதிலேதான் பிள்ளையின் மூச்சு இருந்தது. அதை மட்டும் சந்திரமதி கூடையில் வைக்கவில்லை.

பிறகு நெய்னா முகம்மது மறுபடி செய்தி கொண்டுவந்தார். மேமுக்கு எல்லாம் திரும்பியிருக்கிறது, ஆனால் தூக்கம் இல்லை. அவள் கோடையில் பொழுது சாய்வதே இல்லையாம். கண்ணை மூடினால் உச்சி வெயில் கொளுத்துகிறதாம். இப்படியே போனால் கிறிஸ்மஸைப் பார்க்கமாட்டாள் என்று முகாமில் இருக்கும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். சந்திரமதி அன்று பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். கொடுத்துவிட்ட பிறகு வருகிற முதல் இழுப்பின்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். கொடுக்கப் போகும் சாயங்காலம் முற்றத்தைவிட்டு வந்துவிட்டதால் வழியிலேயே ரஞ்சிதத்துக்கு இழுக்கத் தொடங்கியது. வேலியோரம் வந்தபோது அந்த விசில் சத்தம் பாத்தி வரைக்கும் கேட்டது.

சந்திரமதி கூவ வாயைத் திறந்தாள், ஒரு சொல் வெளியே வருவதற்குள் மேம் முந்திக்கொண்டாள். தலையைத் தூக்கவில்லை. கையில் பிடித்திருந்த களைச் செடியைப் பார்த்து, ஏதோ அதைத் திட்டுகிறவள்போல உரக்கச் சொன்னாள்.

“அந்தச் சாமான் எனக்கு வேணாம். பிள்ளைக்கு வச்சுக்கோ. மறுபடி கொண்டு வந்தா உதைப்பேன்.”

செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். காவல்காரனுக்குத் தமிழ் தெரியாது. வெள்ளைக்காரி வேலை மும்முரத்தில் இருக்கிறாள் என்று திருப்திப்பட்டான். சந்திரமதி ரோட்டோரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. மேம் அதற்குப் பிறகு கண்ணில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, கொளுத்தும் உச்சி வெயிலிலேயே படுத்துத் தூங்கப் பழகினாள். நன்றாகத் தூங்கினாள் என்று சொல்வதற்கில்லை. கிறிஸ்மஸைப் பார்த்தாள், அதற்கு அடுத்ததையும் பார்த்தாள்.

சண்டை முடிந்து கடிகாரங்களைத் திரும்பப் பின்னால் தள்ளினார்கள். செல்லாமல் போன ஜப்பான்காரன் வாழைமரத்து நோட்டைப் பிள்ளைகள் காற்றாடி செய்து விட்டார்கள். மேம் கப்பலேறிய அன்று சந்திரமதி ரஞ்சிதத்தோடு துறைமுகத்துக்குப் போனாள். கடன் வைத்துக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. சாயங்காலத்தைச் சொல்லிக் கொடுத்துவிட வாய் திறந்தாள். மேம் தன் உள்ளங்கையை அவள் வாயின் மேல் வைத்து மூடினாள், கப்பல் ஊதும்வரை எடுக்கவில்லை. ரஞ்சிதம் வளர்ந்து, படித்து, பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, கல்யாணமாகி, பிறகு அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனாள். அந்த வீட்டு ஜன்னல்கள் கிழக்கைப் பார்த்தவை, இருந்தும் சாயங்காலம் இரவு பத்து மணிவரை அவற்றில்தான் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் துணிகளையும் அங்கே கொண்டுவந்து காயப்போட்டுக்கொண்டார்கள்.

மேமின் ஊரில், ஜூன் மாதத்தில் சுற்றியுள்ள தோட்டங்களிலெல்லாம் பத்து மணிவரை ஜனங்கள் புல்தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அவள் வீட்டில் மட்டும் மத்தியானம் முடிந்த கையோடு நேரே இருட்டியது. உன் சாயங்காலம் எங்கே போயிற்று என்று ஆரம்பத்தில் கேட்டார்கள். தூர தேசத்தில் ஒரு பிள்ளைக்கு மூச்சுவிட அது வேண்டியிருக்கிறது என்றாள் மேம். அதன் பிறகு கடைக்குப் போகிறவர்கள் அவளுக்கும் சேர்த்து மெழுகுவத்தி வாங்கி வந்தார்கள்.