ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஆதாரம்

பிஎச்.டி. வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் விதி இருக்கிறது. வந்தவர்களுக்கெல்லாம் ஆராய்ச்சி மாணவி டிபன் டப்பா கொடுக்க வேண்டும் என்பது விதியில் இல்லை. ஆனால் கொடுக்காமல் பட்டம் வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

என் பிரெஞ்சு இலக்கிய வைவாவுக்கு அம்மா செல்லம்மா, புதுப்பட்டினத்திலிருந்து வேன் வைத்துச் சொந்தபந்தத்தோடு செங்கல்பட்டுக்கு வந்து இறங்கிவிட்டாள். நிச்சயதார்த்தம் மாதிரி தட்டில் பூ, ஆப்பிள், சாத்துக்குடி வேறு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

புறத்தேர்வாளர் பக்தவத்சலம் சுலபத்தில் யாரையும் விடமாட்டார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் என் கல்லூரி வேலை நிரந்தரமாகும். மனிதர் நேராக ஐந்தாம் அத்தியாயத்தைப் பிடித்தார்.

"நாவல்ல வர்ற கூலிக்காரி, பண்ணையில போட்ட சாப்பாட்டைத் தொடாம வயிறு சரியில்லைங்கிறா. அது திமிர்னு விமரிசகர்கள் நூறு வருஷமா எழுதறாங்க. நீங்க மட்டும், பிள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போறாள்னு எழுதியிருக்கீங்க. ஆதாரம் எங்கே, அன்பரசி?"

கழனி வேலைக்குப் போன இடத்தில் போட்ட சோற்றை எனக்காக முடிந்து வந்த அம்மாவை நினைத்துத்தான் எழுதினேன். அதைச் சபையில் சொல்ல வாய் வரவில்லை.

"உணர்ந்து எழுதினது சார்."

"உணர்ச்சிக்கெல்லாம் டாக்டர் பட்டம் கிடையாதும்மா." பேனாவை மூடிவிட்டார். ஏழு வருஷ உழைப்பு போச்சு என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சரசரவென்று ஒரு சத்தம். மூன்றாவது வரிசையில் அம்மா, டப்பாவிலிருந்த வடையையும் மைசூர்பாகையும் பாலிதீன் பையில் போட்டு முடிந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, சாப்பிடலையா?" என்றார் பக்தவத்சலம்.

அம்மா பதறி எழுந்தாள். "வயிறு சரியில்ல சார்."

"பையில என்ன?"

"வூட்ல பேத்தி கீது சார். துன்னட்டும்னு..."

கூடமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "யாரு இவங்க?"

"எங்கம்மா சார்," என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

அவர் பேனாவைத் திறந்தார். "பேரு, ஊரு எல்லாம் எழுதி அடிக்குறிப்பு போடுங்க. இந்த ஆதாரம் பாரிஸ்ல தேடினாலும் கிடைக்காது."

வேனில் திரும்பும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அப்பல்லாம் உனக்கு நெஜமாவே பசிக்காதாம்மா?"

"பசிக்காம இன்னாடி? கொடலப் புடுங்கும்." அம்மா சிரித்தாள். "இப்பகூட பசிக்குது. எதுனா ஓட்டலாண்ட நிறுத்தச் சொல்லு, டாக்டரு."