மேசைமேல் இரண்டு கொடிகள்

எல்லோரும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எழுந்து நின்றபோது செல்வமலர் எழும்பவில்லை. அவளுடைய தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு காற்சட்டையின் பக்கத் தையலை முடித்து, நூலை வெட்டி, அடுத்ததை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

1991 தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. முந்திய ஞாயிற்றுக்கிழமை, சோவியத்திலிருந்து பிரிவதாக அறிவித்திருந்த லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸில், தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காத்து நின்ற சனங்களின் மேல் சோவியத் டாங்கிகள் ஏறியிருந்தன. பால்டிக் கடலுக்கு அந்தக் கரையில் லித்துவேனியா, இந்தக் கரையில் டென்மார்க். இக்காஸ்ட் நகரில் செல்வமலர் வேலை செய்த பின்னலாடைத் தொழிற்சாலையில், செத்தவர்களுக்காக ஐந்து நிமிடம் மௌனமாக நிற்பதென்று தொழிற்சங்கப் பிரதிநிதி இங்கா முதல்நாளே சொல்லியிருந்தாள்.

மௌனம் முடிந்ததும் இங்கா நேரே செல்வமலரிடம் வந்தாள். ஐம்பது வயது, அகன்ற தோள்கள். கோபம் வந்தால் கழுத்துவரை சிவந்துவிடும்.

"நான் சொன்னது உனக்கு விளங்கவில்லையா?"

"விளங்கியது."

"பிறகு ஏன் நிறுத்தவில்லை?"

"எனக்கு வேலை இருந்தது."

பக்கத்து இயந்திரத்துக்காரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவளே இராணுவத்துக்குப் பயந்து ஓடி வந்தவள். இவளுக்கே இரக்கம் இல்லையென்றால் வேறு யாருக்கு வரும்?"

செல்வமலர் மிதியை அழுத்தினாள். ஊசி வேகமாக ஏறி இறங்கியது. தையல் கோணிப் போனதைக் கண்டு துணியை இழுத்துக் கிழித்தாள்.

துணி வெட்டும் பகுதியில் வேலை செய்த அவளுடைய கணவன் தவராஜாவுக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் செய்தி போய்விட்டது. வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் தொடங்கினார்.

"நாளைக்கு அந்த மனிசியிட்டைப் போய் மன்னிப்புக் கேளும்."

"என்னத்துக்கு?"

"செத்த சனத்துக்கு எழும்பி நிக்கிறதிலை உமக்கென்ன குறைஞ்சு போச்சு? எங்களுக்கு இன்னும் இந்த நாட்டுப் பாஸ்போட் கிடைக்கேல்லை மலர். இருக்க இடம் தந்தவை. நன்றியோடை இருக்கவேணும்."

"நன்றியோ?" அவள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "ஆருக்கு நன்றி சொல்ல? என்ரை பிள்ளையை மண்ணுக்கை வைக்கப் பண்ணினவைக்கோ?"

தவராஜா டென்மார்க்குக்கு வந்தது எண்பத்தைந்தில். அகதியாக ஏற்றுக்கொண்டதும், மன்னார் பேசாலையில் இருந்த மனைவியையும் மகன் ஜெசிந்தனையும் கூப்பிடச் சட்டப்படி விண்ணப்பித்தார். அந்த உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் தமிழரின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி மேலிடத்திலிருந்து இரகசியமாகச் சொல்லப்பட்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. தொலைபேசியில் விசாரித்த போதெல்லாம், "வரிசையில் இருக்கிறது, காத்திருங்கள்" என்ற பதில் வந்தது. அவரும் காத்திருந்தார். எண்பத்தெட்டு ஐப்பசியில் ஜெசிந்தனுக்குக் காய்ச்சல் கண்டது. வீதி மூடிக் கிடந்தது, ஊரடங்கு, வாகனம் இல்லை. செல்வமலர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் மறித்து வைத்தார்கள். விட்டபோது பிள்ளையின் உடம்பு குளிர்ந்திருந்தது. மூன்று வயது. தகப்பன் புறப்பட்ட பிறகு பிறந்தவன். தகப்பனை அவன் படத்தில்தான் அறிவான்.

அடுத்த வருடம் டென்மார்க்கில் விஷயம் வெளியே வந்தது. பத்திரிகைகள் எழுதின, விசாரணை வைத்தார்கள், கோப்புகள் அசைந்தன. செல்வமலர் தனியாக விமானம் ஏறி வந்தாள்.

"அதையும் இதையும் ஏன் முடிச்சுப் போடுறீர்?" என்றார் தவராஜா, குரல் இறங்கி. "லித்துவேனியாச் சனம் எங்களுக்கு என்ன செய்தது?"

"அந்தச் சனத்திலை எனக்கென்ன கோவம்? அதுகளும் எங்களை மாதிரித்தான். நிண்டவையிலைதான் கோவம். எங்கடை பிள்ளையள் சாகேக்கை இவையின்ரை மெசின் ஒண்டும் நிக்கேல்லையே!"

அவர் தொலைக்காட்சியைப் போட்டார். ஐரோப்பிய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கரிய கார்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மிகுந்த கவலை என்றார்கள். வன்மையான கண்டனம் என்றார்கள். ஆனால் மொஸ்கோவுடன் உறவு அறுந்துவிடக் கூடாது, நிலைமையை உன்னிப்பாகக் கவனிக்கிறோம் என்றார்கள்.

"கேட்டியளோ?" என்றாள் செல்வமலர். "உங்களுக்குப் போனிலை சொன்ன அதே கதை."

தவராஜா சத்தத்தைக் குறைத்தார். அவள் மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லவில்லை, கேட்கவுமில்லை.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போனபோது உணவறையில் வெள்ளை விரிப்புப் போட்டிருந்தது. கோப்பி, கேக், நடுவில் சிறிய தாங்கிகளில் இரண்டு கொடிகள். ஒன்று டென்மார்க்கினது, மற்றது சோவியத் கொடி. அந்த மாதம் முழுவதும் அவர்கள் தைத்துக்கொண்டிருந்த விளையாட்டு உடுப்புகள் லெனின்கிராட்டுக்குப் போகவேண்டியவை. வாங்குகிறவர்கள் அன்று பார்வையிட வருகிறார்களாம். முதலாளி ஹோல்கர் புதுக் கழுத்துப்பட்டியோடு அங்குமிங்கும் நடந்தார். மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தது இங்கா.

செல்வமலர் அவள் முன்னால் போய் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை எழுந்து நின்றாய். இன்றைக்கு அவர்களுக்குக் கேக் வெட்டுகிறாய்."

இங்காவின் கழுத்து சிவந்தது. "இதை நானா தீர்மானித்தேன்? அரசாங்கமே அவர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வேலை கைவிட்டுப் போனால் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவேண்டும். நீயும்தான். ஐந்து நிமிடம் நிற்க முடியாதவள் எனக்குப் பாடம் எடுக்காதே."

"என் மகனுக்காக நீ ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை."

"எந்த மகன்? உனக்குப் பிள்ளை இல்லையே."

செல்வமலர் சொன்னாள். டெனிஷில் அவ்வளவு நீளமாக அவள் அதுவரை பேசியதில்லை. வசனங்கள் உடைந்தன, காலங்கள் பிழைத்தன. ஆனால் காய்ச்சல், வீதி, தோள், காத்திருங்கள் என்ற சொல் எல்லாம் சரியாகவே வந்தன. இங்கா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

"யார் கேட்டீர்கள்? தமிழர்களை மறித்து வைத்த கதை பத்திரிகையில் வந்ததே. இந்த உணவறையில்தானே அந்தப் பத்திரிகை கிடந்தது. நீ வாசிக்கவில்லையா?"

"வாசித்தேன்" என்றாள் இங்கா. "அது அரசியல் என்று நினைத்தேன்" என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்குத் தன்மீதே எரிச்சல் வந்திருக்கவேண்டும். ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் எறிந்துவிட்டுத் தன் இயந்திரத்துக்குப் போனாள்.

வந்தவர்கள் மூன்று பேர். சாம்பல் நிற உடுப்பில் ஒரு பெரியவர், அவருடைய உதவியாளர், மொழிபெயர்க்க ஒரு இளம் பெண். ஹோல்கர் அவர்களை இயந்திர வரிசைகளுக்கு நடுவால் கூட்டிக்கொண்டு வந்தார். செல்வமலரின் இடத்துக்கு வந்ததும் நின்று, அவளுடைய தோளில் கையை வைத்தார்.

"இவள் இலங்கையிலிருந்து வந்த அகதி. புருஷனும் இங்கேதான் வேலை. ஒதுங்க இடமில்லாமல் வந்தவர்களுக்கு நாங்கள் வீடு கொடுத்தோம், வேலை கொடுத்தோம், குடும்பத்தையும் சேர்த்து வைத்தோம். டென்மார்க் அப்படியான நாடு."

அந்தப் பெண் அதை ருஷ்ய மொழியில் சொன்னாள். பெரியவர் புன்னகைத்துத் தலையசைத்தார்.

செல்வமலர் எழுந்தாள். தோளிலிருந்த கை தானாக விழுந்தது.

"குடும்பத்தைச் சேர்த்து வைக்கவில்லை. நான் வரவேண்டிய நேரத்தில் மறித்து வைத்தார்கள். என் பிள்ளை காத்திருந்தே செத்தது. இதை அவரிடம் சொல்லு." மொழிபெயர்த்த பெண் ஹோல்கரின் முகத்தைப் பார்த்தாள். "இன்னொன்றும் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை அவர்களின் டாங்கி ஏறிச் செத்தவர்களைப் பற்றி இந்த முதலாளி அவரிடம் கேட்கமாட்டார். அதனால் நான் கேட்கிறேன். ஏன் கொன்றீர்கள்?"

அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை.

"மொழிபெயர்!" என்று பின்வரிசையிலிருந்து இங்காவின் குரல் வந்தது. "உன் வேலை அதுதானே? அவள் கேட்டதை அப்படியே சொல்லு!"

அந்தப் பெண் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். பெரியவரின் புன்னகை போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இரண்டொரு சொல் சொன்னார்.

"அவர் வர்த்தக விஷயமாக மட்டும்தான் வந்திருக்கிறாராம்."

"அதேதான், அதேதான்" என்றார் ஹோல்கர் அவசரமாக. "நாங்களும் வர்த்தகம்தான் பேசுகிறோம்."

இங்கா தன் இயந்திரத்தை நிறுத்தினாள். அடுத்தது நின்றது. அதற்கடுத்ததும். செவ்வாய்க்கிழமை இரக்கத்தைப் பற்றிப் பேசியவள் கொஞ்சம் யோசித்தாள், பிறகு அவளும் நிறுத்தினாள். இந்த முறை யாரும் மௌனமாக நிற்கவில்லை. கதிரைகளைத் தள்ளிக்கொண்டு, சத்தமாகக் கதைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். இது ஒப்பந்தத்துக்கு மாறான வேலைநிறுத்தம், தொழில் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று ஹோல்கர் பின்னாலிருந்து கத்தினார்.

வெட்டும் பகுதியின் கதவில் தவராஜா செல்வமலரின் குளிர் மேலங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"இதைப் போடும். வெளியிலை பனி" என்றார். பிறகு ஹோல்கரைப் பார்த்து டெனிஷில் சொன்னார்: "அவனுடைய பேர் ஜெசிந்தன். எங்களைப் பற்றி ஆட்களுக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்."

அவள் மேலங்கியைப் போடும்வரை அங்கேயே நின்றார்.

அதனால் உலகம் ஒன்றும் புரளவில்லை. அடுத்த நாள் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். வேலைநிறுத்த நாளிலேயே மற்றப் பகுதி ஆண்களை வைத்துப் பெட்டிகளைக் கட்டியிருந்தார்கள், லொறி லெனின்கிராட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்காவுக்கு எச்சரிக்கை கிடைத்தது. செல்வமலரைத் தையலிலிருந்து எடுத்து, நீராவி மண்டும் இஸ்திரிப் பகுதியில் போட்டார்கள். அவள் முறையிடவில்லை. அந்த ஆவணியில், விடுதலை பெற்ற பால்டிக் நாடுகளோடு ராஜதந்திர உறவு வைக்க முந்திக்கொண்ட நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. வில்னியஸின் வீதிகளைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், சனங்கள் அழுதார்கள், சிரித்தார்கள். செல்வமலரும் பார்த்தாள். "நல்லா இருக்கட்டும்" என்றாள். அதை மனதோடுதான் சொன்னாள். ஆனாலும் அவளுடைய கோபத்தில் ஒரு துளியும் குறையவில்லை.

தொண்ணூற்று மூன்று தை மாதம் விசாரணை அறிக்கை வந்தது. தமிழரின் குடும்பங்களை மறித்து வைத்தது சட்டவிரோதம் என்று அது சொன்னது. பிரதமர் பதவி விலகினார், அரசாங்கம் போனது. மறுநாள் ஹோல்கர் இஸ்திரிப் பகுதிக்கே வந்து செல்வமலருக்குக் கை நீட்டினார்.

"பார்த்தாயா? டென்மார்க்கில் கடைசியில் நீதி கிடைக்கும்."

"யாருக்கு?" என்று கேட்டாள் அவள். நீட்டிய கை கொஞ்ச நேரம் நீராவிக்குள் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

அன்று மாலை செய்தியில் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து பேசினார்கள். இது ஒரு நிர்வாகத் தவறு என்றார் ஒருவர். ஜனநாயகத்தின் வெற்றி என்றார் மற்றவர். தவராஜா திடீரென்று எழுந்தார்.

"என்னடா வெற்றி? ஆரின்ரை வெற்றி? வரிசையிலை நிக்கச் சொன்னியள், நிண்டன். பொறுக்கச் சொன்னியள், பொறுத்தன். என்ரை பிள்ளையை ஒருக்கா கையிலை தூக்கக்கூட விடேல்லையேடா!"

இத்தனை வருடத்தில் செல்வமலர் அவருடைய குரல் உயர்ந்து கேட்டதில்லை. அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார், தமிழில், பிறகு டெனிஷில், பிறகு திரும்பவும் தமிழில். கண்ணீர் தாடையில் வழிந்தது. அவள் தடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் பொறுக்காமல் சுவரில் தட்டினார். செல்வமலர் எழுந்து போய், கையைப் பொத்திப் பிடித்து, அவர் தட்டியதைவிடப் பலமாகத் திருப்பித் தட்டினாள்.