பிரேக் குழாயில் குமிழி

காரின் முன்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயின் ரப்பர் வெடித்திருந்தது. நர்ஸ் அதைத் தானே மாற்றுவதென்று முடிவு கட்டினாள். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் இரண்டு தடவை பக்கத்தில் நின்று இந்த வேலையை அவளைச் செய்ய வைத்திருந்தார். கணவனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் துணைக்கு மாமியார்தான்.

சமமான சிமெண்டுத் தரை. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, வண்டியை ஸ்டாண்டில் உட்காரவைத்து உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் புதுக் குழாயை மாட்டினாள். பெடலோ பஞ்சு மாதிரி அமுங்கியது.

"உள்ள காத்து புகுந்திருக்கு அத்தை. நீங்க ஏறி உட்கார்ந்து மிதிக்கணும்."

மாமியார் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "இங்க மிதிச்சா அங்க எப்படிம்மா நிக்குது? கம்பி இழுக்குதா?"

"கம்பி இல்ல, ஆயில். நீங்க அழுத்துறதை அதுதான் சக்கரம் வரைக்கும் கொண்டுபோகுது. நடுவுல காத்து இருந்தா அது நசுங்கிடும், வண்டி நிக்காது. நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்துடாதீங்க."

பிரேக்கில் காற்றை வெளியே விட வைத்திருக்கும் சின்னத் திருகு மூக்கான நிப்பிளில் கண்ணாடி போன்ற ட்யூபைச் செருகி, மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கினாள்.

"மிதிங்க."

"மிதிச்சிட்டேன்."

ஸ்பானரால் நிப்பிளை லேசாகத் திருப்பித் திறந்தாள். "அட, குமிழி குமிழியா வருது அத்தை!"

சொன்னதுதான் தப்பு. "எங்கே, எங்கே?" என்று மாமியார் காலை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டினார். குமிழிகள் வந்த வழியே திரும்பி ஓடின.

நர்ஸுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நிப்பிளை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னலில் தொங்கிய முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"கெடுத்துட்டேனா?"

"ஒண்ணும் கெடல. இடம் மாத்திக்கலாம். நீங்க பாருங்க, நான் மிதிக்கிறேன்."

மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். பெடலை மிதித்ததும் நிப்பிளைக் கால்வட்டம் திருப்பித் திறக்க வேண்டும், அதை மூடிய பிறகுதான் 'விடு' சொல்ல வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது தடவையே அதிகாரம் கைக்கு வந்துவிட்டது. "மிதி! அப்படியே பிடி! ம், இப்போ விடு!" நடுநடுவே நர்ஸ் இறங்கி, பானெட்டுக்குள் இருந்த டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றினாள். பதினோராவது மிதியில் மாமியார் சொன்னார்: "ஒரு பொட்டுக் குமிழி இல்லம்மா."

பெடல் கல் மாதிரி நின்றது. எங்கும் கசிவில்லை என்று பார்த்து, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை இறுக்கினாள். வீட்டு முற்றத்திலேயே நடை வேகத்தில் நாலு தடவை ஓட்டி நிறுத்தினாள். சொன்ன இடத்தில் நின்றது.

சாயங்காலம் இருவரும் கடைக்குப் போனார்கள். வண்டி சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் மாமியார் குனிந்து நர்ஸின் காலைப் பார்த்தார்.

"இப்போ அழுத்திட்டியா?"

"ஆமா அத்தை."